பன்றி விரட்டத் துப்பாக்கி: கைபேசியில் வாங்கலாமா?

இராமநாதபுரம் மாவட்டத்தில் கமுதி, முதுகுளத்தூர், கடலாடி வட்டாரங்களில் நெல் பால் பிடிக்கும் தருணத்திலும், நிலக்கடலை காய் கட்டும் பருவத்திலும் காட்டுப்பன்றிகள் கூட்டமாக வயலில் இறங்குகின்றன. கண்மாய்களிலும் தரிசுகளிலும் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலம் புதர்களில் பகலில் படுத்துக்கொண்டு, இருட்டியதும் வெளியே வருகின்றன. தின்பதைவிட உழப்பிச் சாய்ப்பதே அதிகம். மானாவாரியில் ஒரே போகத்தை நம்பியிருக்கும் சிறு விவசாயிக்கு ஓரிரவில் அவ்வாண்டு வரும்படியே போய்விடக்கூடும். 'கையில் ஒரு துப்பாக்கி இருந்தால் தேவலை' என்று அவர் நினைப்பது இயல்பே.

அந்த நினைப்பைக் காசாக்கப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். லைசென்ஸ் தேவையில்லை, பாதிப் பணம் முன்பணமாக அனுப்பினால் போதும், துப்பாக்கி வீட்டுக்கே வந்து சேரும் என்று கைபேசியில் ஆசை காட்டுவார்கள். பணம் போனபின் அந்த எண் அணைந்துவிடும். உரிமமில்லாத துப்பாக்கிக்குப் பணம் கட்டியவர் காவல் நிலையத்துக்குப் போகக் கூச்சப்படுவார் என்பதுதான் ஏய்ப்பவரின் மூலதனம். ஏமாந்தவர் தயங்காமல் 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்ய வேண்டும். தாமதித்தால் பணத்தை மறிப்பது கடினம்.

பணத்துக்குப் பதிலாகத் துப்பாக்கியே வந்து சேர்ந்தால் அது இன்னும் கேடு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இதற்குக் குறைந்தது 2 ஆண்டு, அதிகம் போனால் 5 ஆண்டு சிறை, அபராதமும் உண்டு. திருட்டுத்தனமாகச் செய்து விற்பவருக்கு 7 ஆண்டிலிருந்து ஆயுள் வரை தண்டனை. உள்ளூர்ப் பட்டறையில் குழாயைக் கொண்டு செய்யும் நாட்டுத் துப்பாக்கிக்கும் இதே சட்டம்தான். அதில் கரிமருந்து சற்றுக் கூடினாலும் குழாய் வெடித்துச் சுடுபவரின் கையையும் கண்ணையும் பறித்துவிடும்.

முறையான வழி ஒன்றே. முதலில் மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற வேண்டும். இதற்கான விண்ணப்பத்தை மட்டும் இணையவழி அனுப்பலாம். காவல்துறை விசாரணை அறிக்கை வந்த பிறகே உரிமம் கிடைக்கும். விண்ணப்பதாரருக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைத்தான் சட்டம் குறிப்பிடுகிறது. அது போதாது என்று அதிகாரி கருதினால் மட்டும் வேறு வகை தரலாம். உரிமம் கையில் வந்தபின், அரசின் அனுமதி பெற்ற வியாபாரியிடம் நேரில் போய் வாங்க வேண்டும். அவர் உரிமத்தைச் சரிபார்த்து, துப்பாக்கியின் எண்ணைப் பதிவேட்டில் எழுதி விற்பார். உரிமம் உள்ள தெரிந்தவரிடமிருந்து பழைய துப்பாக்கியை வாங்குவதானாலும், அவர் மாவட்ட ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்து மூலம் தெரிவித்து 45 நாள் கழிந்த பிறகே கைமாற்றலாம்.

அமெரிக்காவில் எல்லாம் தாராளம் என்பார்கள். அங்கும் 1963இல் அதிபர் கென்னடியைக் கொன்ற துப்பாக்கி தபாலில், பொய்ப் பெயரில் தருவிக்கப்பட்டது தெரியவந்தபின், 1968இல் அந்தத் தபால் வியாபாரத்தைச் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். வேறு மாநில வியாபாரியிடம் இணையத்தில் வாங்கும் துப்பாக்கியை இன்றும் உள்ளூர் உரிம வியாபாரியிடம் போய்த்தான் பெற்றுக்கொள்ள வேண்டும்.

இராமநாதபுரம் விவசாயிகள் அறிய வேண்டிய இன்னொன்று உண்டு. வனவிலங்குச் சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் புதிதாகத் துப்பாக்கி உரிமம் வழங்கத் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் முன் இசைவு வேண்டும் என்கிறது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், மேலச்செல்வனூர்–கீழச்செல்வனூர், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கால் ஆகிய பறவைச் சரணாலயங்கள் இம்மாவட்டத்திலேயே உள்ளன. ஆகவே பல ஊர்களில் உரிமம் பெறுவது எளிதல்ல.

இத்தனையும் கடந்து உரிமம் பெற்றாலும், அது துப்பாக்கியை வைத்திருக்கத்தான். விலங்கைச் சுட அனுமதி வேறு. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த நெறிமுறைப்படி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் சுடலாம். ஆனால் சுடுவது வனத்துறைப் பணியாளர் மட்டுமே. விவசாயி செய்யக்கூடியது, ஊராட்சித் தலைவர், கிராம நிர்வாக அலுவலர், வனவர் அடங்கிய கிராமக் குழுவிடம் முறையிடுவதே. தனியாகப் போவதைவிட நாலைந்து பேர் சேர்ந்து எழுதிக் கொடுப்பது நல்லது.

இணையத்தில் வெளிப்படையாக விற்கும் ஏர்கன் 4.5 மில்லிமீட்டர் அளவுக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் உட்பட்டிருந்தால் உரிமம் வேண்டாம். ஆனால் அது பன்றியைக் காயப்படுத்தி வெறியூட்டவே உதவும். மயிலைச் சுட்டாலோ 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. எனவே அதில் பணத்தைப் போடுவது வீண்.

இக்கடற்கரைக்கே உரிய ஓர் எச்சரிக்கையும் அவசியம். 2018 ஜூனில் தங்கச்சிமடத்தில் கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி தோண்டியபோது, முன்னாளில் இலங்கைப் போராளிகள் புதைத்தவை எனக் கருதப்படும் தோட்டாக்கள் பெட்டி பெட்டியாக வெளிவந்தன. கிணறு, பண்ணைக்குட்டை வெட்டும்போது இப்படி எதுவும் தட்டுப்பட்டால் தொடாமல் உடனே காவல் நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். பழைய தோட்டாவை எடுத்து வைப்பது ஆபத்து, குற்றமும்கூட.

பயிரைக் காக்கச் செலவு குறைந்த வழிகள் உள்ளன. வயலைச் சுற்றி, பயிரிலிருந்து 1 அடி தள்ளி, 2 அடி அகலம் 1½ அடி ஆழத்தில் அகழி எடுக்கலாம். பன்றி தாண்டத் தயங்கும். மானாவாரி நிலத்தில் மழைநீரும் தங்கும். மக்காச்சோளத்தைச் சுற்றிச் சில வரிசை ஆமணக்கு நெருக்கமாக விதைத்தால் உள்ளே இருக்கும் பயிரின் வாசனை மறைந்துவிடும். முடிதிருத்தும் கடைகளில் கழிக்கும் தலைமுடியை வரப்போரம் தூவலாம். தரையை மோந்தபடி வரும் பன்றியின் மூக்கில் முடி ஏறி, அது திரும்பிவிடும். மழை பெய்தால் மீண்டும் தூவ வேண்டும். கந்தகத்தூளைப் பன்றிக் கொழுப்பில் குழைத்துத் தேங்காய் நார்க் கயிற்றில் தடவி, 1 அடி இடைவெளியில் மூன்று வரிசை கட்டுவதும் பலன் தரும். பன்றிக் கொழுப்பைத் தொட விரும்பாதவர்கள் ஆமணக்கையும் முடியையும் கையாளலாம். ஒரே முறையைத் தொடர்ந்தால் பன்றி பழகிவிடும். மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். கம்பியில் நேரடி மின்சாரம் பாய்ச்சலாகாது. இரவில் நீர் பாய்ச்ச வரும் பக்கத்துக் காட்டுக்காரரே அதில் மாட்டிக்கொள்வார். புதர் அருகிலேயே இருக்கும்வரை எந்த வேலியும் பாதிப் பலன்தான் என்பதால், கருவேலத்தை அகற்ற ஊராட்சியை வலியுறுத்துவது நல்லது.

சேதம் ஏற்பட்டால் அன்றே புகைப்படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று பெற்று, வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டுக்கு மனுச் செய்ய வேண்டும். 2026 காரிப் பருவம் முதல் வனவிலங்குச் சேதத்தையும் பயிர்க் காப்பீட்டில் சேர்ப்பதாக 2025 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. எந்த விலங்குகள், எந்த மாவட்டங்கள் என்பதை மாநில அரசு அறிவிக்கை செய்ய வேண்டும். சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதால், தம் ஊரும் பயிரும் அறிவிக்கையில் உள்ளனவா என்பதை விதைக்கும் முன்பே வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டு அறிந்துகொள்ளலாம்.