வென்றவர் கட்டிய கோட்டைகள்: வட வேல்ஸில் ஒரு சுற்றுலா

பள்ளி விடுமுறை தொடங்கியதும் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது என்னும் கேள்வி பிரித்தானியாவில் வாழும் எமது குடும்பங்களில் எழுவது வழமை. கடற்கரைக்கும் கேளிக்கைப் பூங்காவுக்கும் பலமுறை சென்று வந்தோர் இம்முறை வட வேல்ஸின் பக்கம் திரும்பலாம். மலையும் கடலும் அடுத்தடுத்து நிற்கும் அந்நிலத்தில் ஏழு நூற்றாண்டுகளுக்கும் மேலாக நிலைத்திருக்கும் நான்கு பெருங்கோட்டைகள் உள்ளன. கொன்வி, கயர்னார்வன், ஹார்லெக், போமாரிஸ் என்பன அவற்றின் பெயர்கள். 1986 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இவற்றை உலக மரபுரிமைச் சின்னங்களாகப் பதிவு செய்தது.

கோட்டை என்றதும் பிள்ளைகளின் மனத்தில் அரசனும் அரசியும் வாழ்ந்த மாளிகையே தோன்றும். படக்கதைகள் அவ்வாறே கற்பித்துள்ளன. ஆனால் இந்நான்கும் ஓர் அரசன் தன் குடும்பத்துடன் இன்புற்று வாழ்வதற்காகக் கட்டியவை அல்ல. தோற்கடிக்கப்பட்ட ஓர் இனம் மீண்டும் தலைநிமிரலாகாது என்பதற்காக, வென்றவன் அவ்வினத்தின் மண்ணிலேயே எழுப்பிய மதில்கள் இவை. இதனை அறிந்து செல்வோர்க்கு அங்குள்ள கற்கள் வேறொரு கதையைச் சொல்லும்.

இளவரசரின் வீழ்ச்சி

வேல்ஸ் மக்கள் தமது நாட்டைக் 'கம்ரி' என்று அழைப்பர். 'ஒரே நாட்டவர்' என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. 'வேல்ஸ்' என்பதோ 'அந்நியர்' என்னும் கருத்தில் பழைய ஆங்கிலேயர் வழங்கிய பெயர். சொந்த மண்ணிலேயே அந்நியர் என அழைக்கப்பட்ட இனம் இது.

1267 ஆம் ஆண்டில் லெவெலின் ஆப் கிரிபித் என்பவரை வேல்ஸின் இளவரசராக ஆங்கிலேய மன்னன் மூன்றாம் ஹென்றி ஒப்பந்த மூலம் ஏற்றுக்கொண்டான். அவனது மகன் முதலாம் எட்வேர்ட் அரியணை ஏறியதும் நிலைமை மாறியது. லெவெலின் தன் முன் வந்து பணிந்து நிற்க வேண்டுமென அவன் கட்டளையிட்டான். அவர் வர மறுக்கவே 1277 இல் போர் மூண்டது. 1282 இல் மீண்டும் போர் வெடித்தது. அவ்வாண்டு டிசம்பர் 11 ஆம் நாள் லெவெலின் கொல்லப்பட்டார். அவரது தலை இலண்டனுக்கு அனுப்பப்பட்டு, இலண்டன் கோபுரத்தில் மக்கள் காணும்படி வைக்கப்பட்டது. அவருடைய தம்பி டாவித் அடுத்த ஆண்டு பிடிபட்டு, சுரூஸ்பரி நகரில் கொடிய முறையில் கொல்லப்பட்டார். 1284 இல் இயற்றப்பட்ட சட்டமொன்றின் மூலம் அந்நாடு ஆங்கில முடியின் கீழ் கொண்டுவரப்பட்டது.

கொன்வி, ஹார்லெக், கயர்னார்வன் ஆகிய மூன்று கோட்டைகளின் வேலையும் 1283 ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. சவோய் நாட்டிலிருந்து வந்த ஜேம்ஸ் என்னும் தலைமைச் சிற்பி அவற்றுக்குப் பொறுப்பாக நின்றான். அகழி வெட்டுவோரும் தச்சரும் இங்கிலாந்தின் பல மாவட்டங்களிலிருந்து அரச ஆணையின் பேரில் திரட்டப்பட்டு, செஸ்ரர் நகர் வழியாக அனுப்பப்பட்டனர். செலவுக்கு இத்தாலியின் லூக்கா நகரத்து வட்டி வணிகரிடம் கடன் பெறப்பட்டது. எட்வேர்ட் தன் ஆட்சியில் வேல்ஸ் கோட்டைகளுக்கு மட்டும் ஏறத்தாழ 80,000 பவுண் செலவிட்டான் என்பர். அக்காலத்தில் அது ஓர் அரசையே கடனாளியாக்கக்கூடிய தொகை.

கொன்வியும் கயர்னார்வனும்

இலண்டன் யூஸ்ரன் நிலையத்திலிருந்து காலையில் புகையிரதத்தில் புறப்படுவோர் நண்பகலளவில் கொன்விப் பகுதியை அடைந்துவிடலாம். எட்டுப் பெருங்கோபுரங்களுடன் ஆற்றின் கரையில் நிற்கும் அக்கோட்டை ஏறத்தாழ நான்கே ஆண்டுகளில் கட்டி முடிக்கப்பட்டது. அதனோடு இணைந்த நகர மதில் சுமார் 1.3 கிலோமீற்றர் நீளமுடையது. 21 கோபுரங்களையும் மூன்று வாயில்களையும் கொண்டது. மதிலின் மேல் பெரும்பகுதி தூரம் நடந்து செல்ல முடியும்.

இக்கோட்டை எழுந்த இடத்தில் முன்னர் ஒரு துறவியர் மடம் இருந்தது. வேல்ஸ் மக்கள் போற்றிய பேரரசர் மகா லெவெலினின் கல்லறை அம்மடத்திலேயே இருந்தது. எட்வேர்ட் அத்துறவிகளைச் சில மைல்களுக்கு அப்பால் குடியேற்றிவிட்டு, அந்த இடத்தில் தன் கோட்டையையும் நகரையும் அமைத்தான். தோற்றவரின் புனித நிலத்தை வென்றவன் தேர்ந்தெடுத்தது தற்செயலாக நேர்ந்ததென்று கொள்வதற்கில்லை.

கொன்வியிலிருந்து மேற்கே கயர்னார்வன் உள்ளது. பாங்கர் வரை புகையிரதத்திலும், அங்கிருந்து பேருந்திலும் செல்லலாம். மற்றைய கோட்டைகளின் கோபுரங்கள் வட்டமானவை. இங்குள்ளவையோ பல கோணங்கள் உடையவை. மதிலில் வெவ்வேறு நிறக் கற்கள் வரி வரியாக ஓடுகின்றன. கொன்ஸ்தாந்திநோப்பிள் நகரின் மதில்களை நினைவூட்டும் வண்ணம் இவ்வாறு கட்டப்பட்டதென ஆய்வாளர் பலர் கருதுவர். ஊரின் அருகே உரோமர் காலத்துக் கோட்டையொன்றின் அடித்தளமும் உண்டு. பழைய பேரரசின் வாரிசு தானே என்று எட்வேர்ட் கல்லில் எழுதி வைத்தான் எனலாம்.

'ஆங்கிலம் பேசாத ஓர் இளவரசனைத் தருவேன்' என்று வேல்ஸ் பிரபுக்களுக்கு வாக்களித்த எட்வேர்ட், அங்கு பிறந்த தன் கைக்குழந்தையைக் காட்டினான் என்றொரு கதை வழங்குகின்றது. கேட்க இனிக்கும் அக்கதை, பல நூற்றாண்டுகளின் பின்னரே எழுந்தது. அக்குழந்தை 1284 ஏப்ரலில் கயர்னார்வனில் பிறந்தது உண்மையே. ஆனால் அப்போது அதன் மூத்த சகோதரன் உயிருடன் இருந்தான். வேல்ஸ் இளவரசன் என்னும் பட்டம் அதற்கு 1301 இலேயே வழங்கப்பட்டது. லெவெலின் ஏந்திய அப்பட்டம் அன்று முதல் ஆங்கில முடியின் உடைமையாயிற்று. 1969 ஜூலை முதலாம் நாள் இதே கோட்டையில் சார்ள்ஸுக்கு அப்பட்டம் சூட்டும் விழா நடைபெற்றபோது வேல்ஸ் தேசியவாதிகள் எதிர்ப்புத் தெரிவித்தனர். முந்திய இரவில் அபர்கெலே நகரில் குண்டு வெடித்து, அதனை எடுத்துச் சென்ற இருவர் இறந்தனர். எழுநூறு ஆண்டுப் பழைய காயம் அப்போதும் ஆறியிருக்கவில்லை.

கடலும் கோட்டையும்

நான்கு கோட்டைகளும் கடலையோ, கடல்நீர் ஏறி இறங்கும் ஆற்றையோ ஒட்டியே கட்டப்பட்டன. தரைவழியைக் கிளர்ச்சியாளர் அடைத்தாலும், கப்பல்வழியே உணவும் ஆயுதமும் வந்து சேர வேண்டும் என்பதே நோக்கம். ஹார்லெக்கில் இதனைத் தெளிவாகக் காணலாம். உயர்ந்த பாறையின் உச்சியில் நிற்கும் கோட்டையிலிருந்து செங்குத்தான படிவரிசையொன்று கீழே இறங்குகின்றது. அதன் அடியில் அன்று கடல் இருந்தது. இன்று அது வெகுதூரம் விலகிச் சென்றுவிட்டது.

1294 இல் மாடொக் என்பவரின் தலைமையில் வேல்ஸ் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். கயர்னார்வன் நகரம் அவர்கள் கையில் வீழ்ந்தது. கிளர்ச்சியை அடக்கிய எட்வேர்ட், 1295 இல் ஆங்கில்சித் தீவில் போமாரிஸ் கோட்டையைத் தொடங்கினான். அருகிலிருந்த லான்வைஸ் என்னும் செழிப்பான வேல்ஸ் ஊரின் மக்கள் அங்கிருந்து எழுப்பப்பட்டு, தீவின் மறுபுறத்தில் புதிதாக உருவாக்கப்பட்ட ஊருக்கு அனுப்பப்பட்டனர். 'புதிய ஊர்' என்று பொருள்படும் நியூபரோ என்பதே அதன் பெயர். இடம்பெயர்ந்தவரின் பெயரை ஏற்காத அப்பெயர் இன்றும் வரைபடத்தில் உண்டு.

போமாரிஸில் 400 கற்சிற்பிகளும் 2,000 கூலியாட்களும் வேலை செய்வதாகவும், பணம் போதவில்லை என்றும் 1296 இல் தலைமைச் சிற்பி ஜேம்ஸ் அரச திறைசேரிக்குக் கடிதம் எழுதினான். உள்மதில் உயரமாகவும் புறமதில் தாழ்வாகவும் அமைந்திருப்பதால் இரு மதில்களிலிருந்தும் ஒரே நேரத்தில் அம்பெய்ய முடியும். நான்கு கோட்டைகளுள் ஒழுங்கான அமைப்பு இதற்கே உண்டு. எனினும் பணம் வற்றியதால் கோபுரங்கள் உரிய உயரத்தை எட்டவேயில்லை. அடக்குவதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதைப் போமாரிஸின் குட்டைக் கோபுரங்கள் காட்டி நிற்கின்றன.

தச்சராக வந்தவர்கள்

இத்துணை வலிமை வாய்ந்த மதில்கள் எவ்வாறு வீழ்ந்தன? 1401 இல் பெரிய வெள்ளியன்று கொன்விக் கோட்டையின் காவலர் பெரும்பாலோர் தேவாலயத்தில் இருந்தனர். அவ்வேளை தச்சர் போல் வந்த சிலர் வாயிலில் இருந்தோரை வீழ்த்தி உள்ளே புகுந்தனர். றீஸ், குவிலிம் என்னும் இரு சகோதரர்களின் ஆட்கள் அவர்கள். சுமார் மூன்று மாதம் கோட்டை அவர்கள் வசமிருந்தது. அவர்களின் உறவினரான ஓவைன் கிளின்டூர் நாடு தழுவிய எழுச்சிக்குத் தலைமை தாங்கி, 1404 அளவில் ஹார்லெக்கைக் கைப்பற்றித் தமது இருப்பிடமாக்கினார். 1409 இல் ஹார்லெக் மீண்டும் ஆங்கிலேயர் வசமாயிற்று. ஓவைன் பிடிபடவில்லை, அவரைக் காட்டிக்கொடுத்தவரும் இல்லை.

வேல்ஸ் மன்னர் தாமே கட்டிய கோட்டைகளும் உண்டு. லான்பெரிஸ் ஏரிக்கு மேலே தனியே நிற்கும் டொல்பாடார்ன் கோபுரத்தைக் காணத் தவறாதீர்கள். எட்வேர்டின் படைகள் அதன் மரங்களைக் கழற்றிக் கயர்னார்வன் கட்டட வேலைக்குக் கொண்டு சென்றன. தெற்கே கார்டிகன் கோட்டையில் றீஸ் பிரபு 1176 இல் கவிஞரையும் இசைஞரையும் அழைத்துப் போட்டி நடத்தி, வென்றோர்க்கு இருக்கை வழங்கிச் சிறப்பித்தார். சிறந்த கவிஞருக்கு நாற்காலி வழங்கும் வழக்கம் வேல்ஸ் தேசியக் கலைவிழாவில் இன்றும் தொடர்கின்றது.

மதிலுக்குள் ஒலிக்கும் மொழி

கயர்னார்வன் மதிலுக்குள் அன்று ஆங்கிலேயக் குடியேற்றவாசிகளே உரிமை பெற்றிருந்தனர். இன்று அதே தெருக்களில், கடைகளில், பள்ளி வாயில்களில் ஒலிப்பது பெரும்பாலும் வேல்ஸ் மொழி. எம்மவர் இதனைச் செவியால் கேட்டுணர வேண்டும்.

அம்மொழி தானாகவே பிழைத்துக்கொள்ளவில்லை. 1536 ஆம் ஆண்டுச் சட்டம் நீதிமன்றங்களில் ஆங்கிலத்தையே நிலைநாட்டியது. 19 ஆம் நூற்றாண்டில் தாய்மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் மரத்துண்டைக் கட்டித் தொங்கவிட்ட பள்ளிகள் இருந்தன. 1962 இல் மொழிச் சங்கம் தோன்றியது. 1980 இல் குவின்வோர் எவன்ஸ் என்னும் அரசியல் தலைவர், வேல்ஸ் மொழித் தொலைக்காட்சி கிடைக்காவிடின் சாகும்வரை உண்ணாவிரதம் இருப்பதாக அறிவித்தார். அரசு பணிந்தது, 1982 இல் அந்த ஒளிபரப்புத் தொடங்கியது. 2011 ஆம் ஆண்டுச் சட்டம் அதனை வேல்ஸின் ஆட்சிமொழியாக உறுதி செய்தது. ஆயினும் 2021 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அதனைப் பேசுவோர் சுமார் 538,000 பேர்; மூன்று வயதுக்கு மேற்பட்டோரில் 17.8 வீதம். பத்தாண்டுகளுக்கு முன்னர் இது 19 வீதமாக இருந்தது. உரிமை கிடைத்த பின்னரும் வீட்டில் பேசாத மொழி தேய்கின்றது என்பதற்கு இவ்வெண்களே சான்று. பிள்ளைகளுடன் எந்த மொழியில் உரையாடுகின்றோம் என்பதை நாமும் சிந்திக்க வேண்டும்.

எவ்வாறு பார்ப்பது?

இக்கோட்டைகளைப் பராமரிப்பது வேல்ஸ் அரசின் மரபுரிமை நிறுவனம். 1984 இல் நிறுவப்பட்ட அதன் பெயர் 'கடூ'. வேல்ஸ் மொழியில் அதற்குக் 'காத்தல்' என்பது பொருள். தம்மை அடக்கக் கட்டிய மதிலைத் தாமே காத்து, தம் மொழியிலும் அறிவிப்புப் பலகை எழுதி, நுழைவுச் சீட்டும் விற்கின்றனர். அதற்காகப் பழையதை மறந்துவிட்டனர் என எண்ண வேண்டாம். 2017 இல் பிளின்ற் கோட்டையருகே பெரும் இரும்பு வளையமொன்றைச் சிற்பமாக நிறுவ முயன்றபோது, எம்மை நெரித்த கோட்டைச் சங்கிலிக்கு நினைவுச் சின்னமா என்று ஆயிரக்கணக்கானோர் எதிர்த்துக் கையொப்பமிட்டனர். திட்டம் கைவிடப்பட்டது. கோட்டையைக் காப்பதையும் அடக்குமுறையைக் கொண்டாடுவதையும் அவர்கள் வேறுபடுத்தியே பார்க்கின்றனர்.

போர்த்துக்கேயர் எழுப்பி, 1658 இல் ஒல்லாந்தர் கைப்பற்றித் திருத்திக் கட்டி, பின்னர் ஆங்கிலேயர் ஆண்ட யாழ்ப்பாணக் கோட்டையை அறிந்த எமக்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. ஆனால் இங்கு பிறந்த எம் பிள்ளைகளுக்கு விளக்கத்தான் வேண்டும். எந்தக் கோட்டைக்குச் சென்றாலும் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக்குங்கள்: இதனைக் கட்டியவர் யார்? யாருக்கு எதிராகக் கட்டினார்? இங்கு முன்னர் இருந்தோர் எங்கே போயினர்?

நான்கையும் நிதானமாகப் பார்க்க மூன்று நாள் தேவை. படிகள் குறுகலும் வழுக்கலுமானவை. தடித்த அடியுள்ள சப்பாத்தும் மழைச்சட்டையும் அவசியம். முதியோர்க்குக் கயர்னார்வன் அரச வாயிலில் 2023 இல் அமைக்கப்பட்ட மின்தூக்கி உதவும். ஹார்லெக்கில் 2015 இல் திறக்கப்பட்ட நடைபாலம் வாயில்வரை சிரமமின்றிக் கொண்டு செல்லும். கட்டணத்தையும் திறக்கும் நேரத்தையும் முன்கூட்டியே விசாரித்துக் கொள்ளுங்கள்.

உள்ளே நுழையும்போது சீட்டுத் தருபவரிடம் 'டியோல்க்' என்று சொல்லுமாறு பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். அம்மொழியில் அதற்கு 'நன்றி' என்பது பொருள். தன் மொழியைப் பிறர் நாவில் கேட்கும்போது ஒருவரின் முகம் எவ்வாறு மலரும் என்பதை நாம் நன்கறிவோம்.