வலக்கை ஓயும் கணம்: சார்லி வாற்ஸின் மேள வாசிப்பு

2021 செப்ரெம்பர் 26ஆம் நாள் இரவு. ஐக்கிய அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரிலுள்ள பேரரங்கொன்றில் இரசிகர்கள் பல்லாயிரவர் திரண்டிருந்தனர். விளக்குகள் அணைந்தன. மேடைக்கு எவரும் வரவில்லை. மேளத்தின் ஒலி மட்டும் எழுந்தது. திரைகளிலே ஒரு மனிதரின் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றி மறைந்தன. கிற்றார் இல்லை, பாட்டும் இல்லை. அதன் பின்னரே றோலிங் ஸ்ரோன்ஸ் குழுவினர் மேடையேறினர். மேளங்களின் பின்னால் ஸ்ரீவ் ஜோர்டன் அமர்ந்திருந்தார். 1963 ஜனவரி முதல் 58 ஆண்டுகளாக அவ்விருக்கைக்கு உரியவராயிருந்த சார்லி வாற்ஸ், ஒரு மாதத்துக்கு முன்னர், ஓகஸ்ட் 24ஆம் நாள், தமது 80ஆவது வயதில் இலண்டனில் காலமாகியிருந்தார்.

மேடையெங்கும் ஓடியாடும் மிக் ஜாகரையும், கிற்றாரைத் தாழத் தொங்கவிட்டு நிற்கும் கீத் றிச்சேட்ஸையும் அறிந்தோர் உலகெங்கும் உளர். அவர்களுக்குப் பின்னால், சலனமற்ற முகத்துடன், ஏதோ அலுவலகத்துக்கு வந்தவர்போல் அமர்ந்திருந்த இம்மனிதரைக் கவனித்தோர் சிலரே. கவனித்தவர்களிலும் பலர், “இவரிடம் அப்படி என்னதான் இருக்கிறது?” என்றே கேட்டனர். நியாயமான கேள்விதான். இக்கட்டுரையாளனும் ஒருகாலத்தில் அதனைக் கேட்டவனே.

இந்நாட்டுக்கு வந்த முதலாண்டில், நம்மவர் பலரையும் போலவே, உணவகமொன்றின் பின்கட்டில் கோப்பை கழுவும் வேலை எனக்குக் கிடைத்தது. விரிவுரை மண்டபத்திலிருந்து அவ்விடத்துக்கு வந்து சேர்ந்த கதை இங்கு வேண்டியதில்லை. அங்கே என்னுடன் நின்ற இந்நாட்டு முதியவர் ஒருவர், இளமையில் கலியாண வீட்டு ஆட்டங்களுக்கு மேளம் வாசித்தவர். வானொலியில் றோலிங் ஸ்ரோன்ஸின் பாடல் வந்தால் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டுக் கேட்பார். கோயில் திருவிழாக்களிலே தவில் கேட்டு வளர்ந்த காது என்னுடையது. ஓர் அட்சரத்தின் இடைவெளிக்குள் எத்தனை சொற்களை அடுக்குகிறார் என்பதைக் கொண்டே ஒரு வித்துவானை அளந்து பழகியவன் நான். “இந்த மனிதர் பாட்டின் தொடக்கம் முதல் முடிவுவரை ஒன்றையேதானே அடித்துக் கொண்டிருக்கிறார், இதனைச் சிறுபிள்ளையும் செய்யுமே” என்றேன். முதியவர் சினக்கவில்லை. “அந்தப் பித்தளைத் தட்டின் ஓசையை மட்டும் கேள். எட்டுவரை எண்ணு. எத்தனை அடி விழுகிறது என்று சொல்” என்றார்.

எண்ணினேன். ஆறுதான் விழுந்தது. மூன்றாவதும் ஏழாவதும் இல்லை.

இதனை விளங்கிக்கொள்ள றொக் இசையின் தாளக்கட்டைச் சிறிது அறிதல் வேண்டும். ஒரு சுற்றுக்கு நான்கு எண்ணிக்கைகள். வலக்காலால் மிதித்து ஒலிக்கச் செய்யப்படும் பெரிய மேளம் பெரும்பாலும் முதலாம், மூன்றாம் எண்ணிக்கைகளில் விழும். அடிப்புறத்தில் கம்பிகள் கட்டப்பட்ட ‘ஸ்னெயர்’ என்னும் சிறு மேளத்தை இடக்கை இரண்டாம், நான்காம் எண்ணிக்கைகளில் ஓங்கி அடிக்கும். ஆடுவோரின் காலைத் தூக்கவைக்கும் அடி இதுவே. இவற்றுக்கு மேலாக, ‘ஹை-ஹற்’ எனப்படும், ஒன்றன்மேல் ஒன்றாய்க் கவிந்த இரு தாளத் தட்டுக்களை வலக்கை எண்ணிக்கைக்கு இரண்டாக, சுற்றுக்கு எட்டு முறை, தட்டிச் செல்லும். கடிகாரத்தின் ஓசை போன்ற அந்த எட்டும் இடையறாது ஒலிக்கவேண்டும் என்பது மேளம் பயிலும் எவருக்கும் முதல்நாட் பாடம்.

வாற்ஸ் அந்த முதல்நாட் பாடத்தையே மீறினார். இடக்கை ஸ்னெயரில் இறங்கும் அதே கணத்தில் அவரது வலக்கை தட்டை விட்டு மேலெழுந்து நின்றுவிடும். அடி விழுந்தபின் மறுபடி வந்து சேர்ந்துகொள்ளும். சுற்றுக்கு இருமுறை. ஒரு பாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட தடவைகள். மாட்டின் ஸ்கோர்செசி இயக்கி 2008இல் வெளிவந்த ‘ஷைன் எ லைற்’ என்னும் படத்தில் இதனைத் தெளிவாகக் காணலாம். நியூயோர்க்கின் பழைய அரங்கொன்றில் 2006இல் நடந்த கச்சேரியின் பதிவு அது. ஏதோ சூடான பொருளைத் தொட்டுவிட்டு எடுப்பதுபோல் அந்தக் கை எழும்.

இதனால் விளைவது என்ன? முதலாவது, ஸ்னெயரின் அடி தனித்து ஒலிக்கிறது. அதனோடு சேர்ந்து ஒலித்து அதன் விளிம்பை மழுங்கச் செய்யும் தட்டோசை அங்கு இல்லை. ஆகவே மிகுந்த வலுவின்றி அடித்தாலும் அது பெரிதாகக் கேட்கிறது. இரண்டாவது நுட்பமானது. எழுந்த கை மீண்டும் இறங்குவதற்குச் சிறு பொழுது தேவை. அச்சிறு பொழுதில் தாளம் மூச்சு வாங்குவதுபோல் ஒரு கணம் பின்னுக்கு இழுபடுகிறது. வேகம் குறைவதில்லை. ஆனால் அவசரம் இல்லாமற் போகிறது. கீத் றிச்சேட்ஸ் 2010இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலில் இக்கையசைவைக் குறித்து வியந்து எழுதியுள்ளார். வாற்ஸோ, தாம் இவ்வாறு செய்வதையே நெடுங்காலம் உணர்ந்திருக்கவில்லை என்று சொல்லியிருக்கிறார். ஆண்டுகள் செல்லச் செல்லக் கையிற் படிந்த பழக்கம் அது. கற்பித்து வந்ததன்று.

அவருக்குக் கற்பித்தவரும் எவருமிலர். 1941 ஜூன் 2ஆம் நாள் இலண்டனிற் பிறந்தவர். தந்தையார் இரயிற் கம்பனியொன்றின் பாரவண்டிச் சாரதி. போருக்குப் பின் அரசு அவசரமாக அமைத்துக் கொடுத்த பொருத்து வீடொன்றிலே சிறுவன் வளர்ந்தான். ஜெரி மலிகன் குழுவின் ஜாஸ் இசைத்தட்டொன்றில் சிக்கோ ஹமில்ரன் கம்பித் தூரிகைகளால் மேளத்தை வருடி வாசித்ததைக் கேட்டதும் அவனுக்கு வேறொன்றிலும் மனம் செல்லவில்லை. கையிலிருந்த பான்ஜோ வாத்தியத்தின் கழுத்தைக் கழற்றி எறிந்தான். தோல் போர்த்த வட்டத்தை மட்டும் தாங்கியொன்றில் வைத்து மேளமாக்கிக் கொண்டான். 1955இல் பெற்றோர் உண்மையான மேளங்களை வாங்கிக் கொடுத்தனர். அவற்றை ஜாஸ் இசைத்தட்டுக்களோடு சேர்ந்து வாசித்தே பயின்றான். ஓவியக் கல்லூரி, விளம்பர நிறுவனத்தில் வரைஞர் பணி, மாலையில் அலெக்சிஸ் கோனரின் புளூஸ் குழு என்று சென்ற வாழ்க்கை 1963இல் திசைமாறியது.

இந்த ஜாஸ் வேர் அவரது இடக்கையில் இறுதிவரை தெரிந்தது. றொக் மேளக்காரருட் பெரும்பாலோர் இரு கோல்களையும் சுத்தியல் பிடிப்பதுபோல் ஒரே மாதிரியாகப் பிடிப்பர். வாற்ஸின் இடக்கோல் மேல்நோக்கிய உள்ளங்கையில், பெருவிரலின் அடியிற் கிடக்கும். தோளிற் சரிவாகத் தொங்கிய மேளத்தை அடித்துச் சென்ற படைமுரசறைவோர் வழிவந்து, ஜாஸ் கலைஞர் பேணிய பிடி இது. வலு குறைந்த பிடி என்று குறைகூறுவோர் உண்டு. அக்குறைக்கு மருந்தாகத்தான் வலக்கை ஒதுங்கி வழிவிட்டதோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. மேளங்களும் நான்கே: பெரியது ஒன்று, ஸ்னெயர் ஒன்று, இடைத்தர மேளங்கள் இரண்டு. 1950களிற் செய்யப்பட்ட கிறெற்ஷ் மேளங்களை வைத்துக்கொண்டே விளையாட்டரங்குகளை நிறைத்தவர் அவர். இரட்டைப் பெருமேளங்களும் தட்டுக்காடும் சூழ அமர்ந்திருந்த பிறர் நடுவே அது ஏழையின் பாத்திரம் பண்டம் போலத் தோற்றும்.

இனி, கையைவிடப் பெரிய விடயத்துக்கு வருவோம். வழமையான றொக் குழுவில் மேளமே தலைவன். மற்றெல்லா வாத்தியங்களும் அதனைப் பின்தொடரும். றோலிங் ஸ்ரோன்ஸில் இவ்வொழுங்கு தலைகீழ். கீத்தின் கிற்றார் முன்னே செல்ல, வாற்ஸ் அதனைச் செவிமடுத்து ஒரு மயிரிழை பின்னே வருவார் என்பதை அக்குழுவின் பழைய பேஸ் கிற்றார் கலைஞர் பில் வைமன் விளக்கியிருக்கிறார். அவரோ தம் பங்குக்குச் சற்று முன்னே நிற்பாராம். ஆக மூவரும் ஒரே புள்ளியில் விழுவதில்லை. எங்கே குலைந்துவிடுமோ என்று கேட்பவன் அஞ்சுவான். ஆனால் குலைவதில்லை. தாளம் தொடங்கியபின் பாட்டை எடுக்கும் அனாகத எடுப்பு நமக்குப் புதிதன்று. ஆயினும் அங்கே அந்த இடைவெளிக்குக் கணக்கு உண்டு. இங்கே கணக்கு இல்லை, பழக்கம் மட்டுமே உண்டு. பல்லாண்டு ஒன்றாக வாழ்ந்த இருவருக்கிடையே உள்ளதைப் போன்றது அது. 1993இல் வைமன் விலகியபின், மைல்ஸ் டேவிஸின் குழுவில் வாசித்த டரில் ஜோன்ஸ் அவ்விடத்துக்கு வந்தார். அந்தத் தெரிவிலும் வாற்ஸின் சொல்லே எடுபட்டது.

1969இல் வெளிவந்த ‘ஹொங்கி ரொங்க் விமென்’ பாடலின் தொடக்கம் இதற்கு நல்ல சான்று. முதலில் மாட்டுமணி ஒன்று ஒலிக்கிறது. வாசிப்பவர் தயாரிப்பாளர் ஜிமி மில்லர். பின் மேளம் நுழைகிறது. இரண்டும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தவில்லை. யாரோ ஒருவர் தவறான இடத்தில் நுழைந்திருக்கிறார். அது தாமாகவும் இருக்கலாம், மில்லராகவும் இருக்கலாம், கீத் சரியாக வந்ததால் முழுவதும் சரியாகிவிட்டது என்று வாற்ஸே பின்னர் சொன்னார். அத்தொடக்கத்தை அவர்களால் எந்த மேடையிலும் அவ்வாறே மீள வாசிக்க முடியவில்லையாம். இன்றைய ஒலிப்பதிவுக் கூடத்திலே கணினி அப்பிழையை ஒரு நொடியில் நேராக்கிவிடும். பாட்டும் செத்துவிடும்.

அவரது காலத்தவரை எண்ணிப் பார்க்கிறேன். கோனரின் குழுவில் வாற்ஸ் விட்ட இடத்துக்கு வந்தவர் ஜிஞ்சர் பேக்கர். மேளத் தனியாவர்த்தனத்தை றொக் மேடையில் நிலைநாட்டியவர்களுள் முதன்மையானவர். கீத் மூன் பாட்டு முழுவதையுமே தனியாவர்த்தனமாக்கினார். ஜோன் பொன்னம் கோல்களை எறிந்துவிட்டு வெறுங்கையாலும் அடித்தார். மூனும் பொன்னமும் தத்தம் 32ஆவது வயதிலேயே மாண்டனர். மூவருமே வாற்ஸைவிட விரல்வன்மை மிக்கவர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. வாற்ஸ் தனியாவர்த்தனத்தை விரும்பியதில்லை. வாய்ப்பளித்தாலும் மறுத்தார்.

அவருக்கு எல்லைகள் இருந்தன என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. ‘யூ கான்ற் ஓல்வேய்ஸ் கெற் வற் யூ வோன்ற்’ பாடல் 1969இல் வெளியான இசைத்தட்டிலே இடம்பெற்றது. அதன் மேளம் அவருடையதன்று. அப்பாட்டுக்கு வேண்டிய நடை அவர் கைக்கு வசப்படவில்லை. ஜிமி மில்லர் வாசித்துக் காட்டினார். காட்டியவரே வாசிக்கட்டும் என்று வாற்ஸ் எழுந்து இடம்விட்டார். பெருங்குழுக்களிலே இத்தகைய சம்பவம் பிரிவினைக்குக் காரணமாகியிருக்கும். அவர் மில்லரின் நடையைக் கற்றுக்கொண்டு, அதன்பின் மேடைதோறும் அப்பாட்டை வாசித்தார்.

உள்ளம் முழுவதையும் அவர் றொக்குக்குக் கொடுத்தவரல்லர். சுற்றுப்பயணங்களில் தாம் தங்கிய விடுதிகளின் கட்டில்களைத் தவறாது படமாக வரைந்துவந்தார். 1980களின் நடுப்பகுதியில் முப்பதுக்கு மேற்பட்ட கலைஞர்களைத் திரட்டிச் சொந்தச் செலவில் ஜாஸ் பெருங்குழு நடத்தினார். தொடர்ந்து ஐவர் குழு, பதின்மர் குழு. அங்கேயும் பின்னாலேயே அமர்ந்தார். 2004இல் தொண்டைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று மீண்டு, மறுபடியும் பயணம் புறப்பட்டார். குழுவினருடன் அவரது கடைசி மேடை 2019 ஓகஸ்ட் 30ஆம் நாள் மியாமியில் அமைந்தது.

ஸ்ரீவ் ஜோர்டன் வாற்ஸின் நண்பர். கீத்துடன் பல்லாண்டு வாசித்தவர். 2021 ஓகஸ்ட்டில் தமக்குப் பதிலாக வாசிக்குமாறு வாற்ஸே கேட்டுக்கொண்டவர். தேர்ந்த கலைஞர். அவர் வந்தபின் குழுவின் தாளம் இறுகிவிட்டது, நேராகிவிட்டது. 2023 ஒக்ரோபரில் வெளியான ‘ஹக்னி டயமண்ட்ஸ்’ தொகுப்பில் இரு பாடல்களுக்கு மட்டும், முன்னரே பதிவான வாற்ஸின் மேளம் இருக்கிறது. தொகுப்பை முதன்முறை கேட்டபோது, உறையிலுள்ள குறிப்பைப் பாராமலே அவ்விரண்டையும் கண்டுகொண்டேன். மேளத்தில் ஒரு காற்றோட்டம் இருந்தது.

2020 ஏப்ரலில், கொள்ளைநோயால் உலகம் கதவடைத்திருந்த வேளை, தொலைக்காட்சி நிதிநிகழ்ச்சியொன்றுக்காக றோலிங் ஸ்ரோன்ஸின் நால்வரும் தத்தம் வீடுகளிலிருந்தே வாசித்தனர். திரையில் நான்கு சதுரங்கள். வாற்ஸுக்கு அப்போது 78 வயது. அவரிடம் மேளம் இல்லை. காதில் கேட்பொறி மாட்டி, முன்னால் வாத்தியப் பெட்டிகளை அடுக்கி, பக்கத்திலிருந்த சாய்விருக்கையின் கையைத் தாளத் தட்டாகக் கொண்டு, இரு கோல்களால் வெற்றுவெளியில் வாசித்துக் கொண்டிருந்தார். முகத்தில் குறும்புச் சிரிப்பு. அவர்கள் தெரிந்திருந்த பாட்டு, 1968இல் அவர் எழுந்து மில்லருக்கு இடம்விட்ட அதே பாட்டு.