பெயர் சொல்லத் தெரியாத சிப்புகள்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, 24 மணி நேரத்தில் அங்கே ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படியோர் இரவில், பக்கத்துக் கோட்டக்குப்பத்தில் ஒரு மொட்டை மாடியில் ராஸ்பெரி பை கணினியோடு இணைத்த மழைமானி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். கரண்ட் போய்ப் போய் வருகிறது, இணையமும் இல்லை. பை 4 வரை வந்த போர்டுகளில் பேட்டரியில் ஓடும் கடிகாரம் கிடையாது. கரண்ட் வந்ததும், கடைசியாகக் குறித்துவைத்த நேரத்திலிருந்தே மறுபடி எண்ணத் தொடங்கும். மூன்று மணி நேரம் கரண்ட் போயிருந்தால், அதன்பின் பெய்த மழையெல்லாம் குறைந்தது மூன்று மணி நேரம் முன்னதாகப் பெய்ததாகவே பதிவாகும்.

இதற்காகத்தான் டிஎஸ்3231 என்ற சின்னக் கடிகார சிப்பை வாங்கி நான்கு கம்பிகளால் இணைக்கிறார்கள். இணைத்துவிட்டு ஆன் செய்தால் லினக்ஸ் அதைக் கண்டுகொள்வதில்லை. சிப்பும் நன்றாக இருக்கிறது, கம்பியும் சரியாக இருக்கிறது. அங்கே ஒரு கடிகாரம் இருப்பதாக லினக்ஸின் மையமான கெர்னலிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பென்டிரைவைச் செருகினால் மட்டும் எப்படித் தெரிகிறது? யுஎஸ்பி சாதனம் ஒவ்வொன்றும் தன் தயாரிப்பாளர் எண், மாடல் எண், தான் என்ன வகை என்பதையெல்லாம் கேட்டவுடன் சொல்லும்படி செய்யப்பட்டது. பிசிஐ அட்டைகளும் அப்படியே. நம் கடிகார சிப் இருப்பதோ ஐ2சி எனும் இரண்டு கம்பித் தடத்தில். அந்தத் தடத்தில் ஒவ்வொரு சிப்புக்கும் ஒரு முகவரி உண்டு, பெயர் சொல்லும் ஏற்பாடு கிடையாது. ஐ2சிடிடெக்ட் கட்டளையைக் கொடுத்தால் திரையில் ஒரு கட்டம் வரும்; அதில் 68 என்ற இடத்தில் 68 என்றே தெரியும். அந்த முகவரியில் ஏதோ ஒன்று பதில் கொடுத்தது என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இல்லை. டிஎஸ்1307 என்ற பழைய கடிகாரமும் 68தான். டிரோன்களிலும் ரோபோக்களிலும் சாய்வை அளக்கும் எம்பியு6050 சிப்புக்கும் வழக்கமாக 68தான். கெர்னல் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக எழுதப்பட்டிருந்தாலும், கேட்டுத் தெரிந்துகொள்ள இங்கே வழியில்லை. எழுதித்தான் கொடுக்க வேண்டும்.

அந்த எழுத்துக்குப் பெயர் டிவைஸ் ட்ரீ. எந்தத் தடத்தின் கீழ் எந்தச் சாதனம் தொங்குகிறது என்று கிளை கிளையாக விவரிக்கும் ஒரு கோப்பு அது. நிலப் பத்திரத்தில் சர்வே எண்ணும் விஸ்தீரணமும் எழுதுவது போல, ஒவ்வொரு சாதனத்துக்கும் முகவரி எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்பது அதில் இருக்கும். எந்த இன்டரப்ட் கம்பி வழியாகக் கூப்பிடும் என்பதும் இருக்கும். எல்லாவற்றையும்விட முக்கியமானது ‘காம்பேட்டிபிள்’ என்ற வரி. நம் சிப்புக்கு அந்த வரியில் ‘மேக்சிம், டிஎஸ்3231’ என்று வரும். சாதனங்களை ஓட்டுவதற்காகக் கெர்னலில் உள்ள டிரைவர்கள் ஒவ்வொன்றும் தமக்குத் தெரிந்த சிப்புகளின் பட்டியலை வைத்திருக்கின்றன. டிஎஸ்1307 பெயரில் உள்ள டிரைவரின் பட்டியலில் 3231-ம் இருக்கிறது. பெயர் பொருந்தியதும் அந்த டிரைவர் பொறுப்பேற்கிறது.

ராஸ்பெரி பையில் இதற்காக முழு மரத்தையும் எழுத வேண்டியதில்லை. ‘ஓவர்லே’ எனும் ஒட்டுக்கிளையைக் கான்ஃபிக் கோப்பில் ஒரே வரியில் குறிப்பிட்டால் போதும். கெர்னல் எழும் முன்பே பூட்லோடர் அதை மரத்தில் ஒட்டிவிடும். போர்டை மறுபடி ஆன் செய்து அதே கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். 68 இருந்த இடத்தில் இப்போது ‘யுயு’ என்று வரும். அந்த முகவரியைக் கெர்னல் டிரைவர் எடுத்துக்கொண்டது என்று அர்த்தம்.

டிவைஸ் ட்ரீ என்ற யோசனை பழையது. சன் மைக்ரோசிஸ்டம்ஸில் மிட்ச் பிராட்லி உருவாக்கிய ஓப்பன் ஃபர்ம்வேரில் தொடங்கி, 1994-ல் ஐஇஇஇ 1275 என்ற தரமாகி, ஆப்பிளின் பவர்பிசி கணினிகள் வழியாக லினக்ஸுக்கு வந்தது. ராஸ்பெரி பை போன்றவற்றில் உள்ள ஆர்ம் சிப்புகளில் மட்டும் நீண்ட காலம் இது இல்லை. ஒவ்வொரு போர்டின் விவரமும் சி நிரலாகக் கெர்னலுக்குள்ளேயே எழுதப்பட்டது. புதிய போர்டு வந்தால் கெர்னலில் புதிய கோப்பு. 2011-ல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இந்தக் குவியலைப் பார்த்துக் கடுமையாகக் கோபப்பட்டார். அதன் பிறகே ஆர்மும் டிவைஸ் ட்ரீ பக்கம் திரும்பியது.

விவரம் நிரலிலிருந்து வெளியே வந்ததால் கிடைத்த பெரிய லாபம், டிரைவரையும் கெர்னலுக்கு வெளியே எழுதுவது எளிதானதுதான். உள்ளே இருக்கும் சுற்றை நாமே மாற்றியமைக்கக்கூடிய எஃப்பிஜிஏ போர்டு ஒன்றில் நீங்களே ஒரு சுற்றை வடிவமைத்திருக்கிறீர்கள். உலகத்தில் வேறு யாரிடமும் அது இல்லை. அதற்கென்று கெர்னல் டிரைவர் எழுதினால், ஒரு சின்னத் தவறு கணினி முழுவதையும் நிறுத்திவிடும். 2007-ல் லினக்ஸ் 2.6.23-ல் சேர்ந்த யுஐஓ என்ற ஏற்பாடு இதற்கு வழி தருகிறது. டிவைஸ் ட்ரீயில் உங்கள் சுற்றின் முகவரி, 4 கேபி நீளம், இன்டரப்ட் எண் ஆகியவற்றை எழுதுகிறீர்கள். கெர்னல் அந்தத் துண்டை மட்டும் ஒரு டிவைஸ் கோப்பாகத் திறந்துவைக்கிறது. உங்கள் சாதாரண நிரல் அந்தக் கோப்பைத் தன் நினைவகத்தில் விரித்துக்கொண்டு ரெஜிஸ்டர்களை நேரடியாகப் படிக்கலாம், எழுதலாம். பிழை வந்தால் பெரும்பாலும் அந்த நிரல் மட்டும் விழும். திருத்தி மறுபடி ஓட்டலாம். கற்றுக்கொள்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வசதி!

இன்டரப்டைக் கையாளும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது. நிரல் அந்தக் கோப்பைப் படிக்கப் போனால் அப்படியே காத்து நிற்கும். சாதனம் கூப்பிட்டதும் விழித்து, இதுவரை எத்தனை முறை கூப்பிட்டது என்ற நான்கு பைட் எண்ணைப் பெறும். இதற்கிடையில் கெர்னல் அந்த இன்டரப்ட் கம்பியை அடைத்துவைத்துவிடும். இந்தச் சாதனத்தைச் சமாதானப்படுத்த எந்த ரெஜிஸ்டரில் எதை எழுத வேண்டும் என்று கெர்னலுக்குத் தெரியாது. அடைக்காவிட்டால் அது ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். உங்கள் நிரல் வேலையை முடித்து, கோப்பில் 1 என்று எழுதினால் கம்பி மறுபடி திறக்கும்.

ஒரு கட்டுப்பாடு உண்டு. இந்தச் சாதனத்தை யுஐஓ ஓட்டட்டும் என்று டிவைஸ் ட்ரீயில் எழுதுவதைக் கெர்னல் குழுவினர் ஏற்பதில்லை. மரத்தில் சாதனம் என்ன என்பது மட்டும் இருக்க வேண்டும். அதை யார் ஓட்டுவது என்பது லினக்ஸின் சொந்த விஷயம். அதனால்தான் யுஐஓவுக்கான பெயரைப் பூட் ஆகும்போது தனியாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. இது வீண் கெடுபிடி இல்லை. அதே கோப்பை நாளை வேறு ஓஎஸ்ஸும் படிக்கலாம்.

நம் ஊர்ச் சிப்புக்கும் இதே டிவைஸ் ட்ரீ முறைதான். ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் வி. காமகோடி குழுவினர் 2014-ல் தொடங்கிய சக்தி பிராசசர்கள் ரிஸ்க்-ஃபைவ் கட்டமைப்பில் அமைந்தவை. ரிஸ்க்-ஃபைவில் லினக்ஸ் எழும்போது, ஏ1 என்ற ரெஜிஸ்டரில் டிவைஸ் ட்ரீ இருக்கும் முகவரியை பூட்லோடர் வைத்துவிட்டுப் போகிறது. சக்தி 2018-ல் சிலிக்கானாகவும் வந்தது. சிப் கையில் இல்லாதவர்கள் ஆர்ட்டி ஏ7 எஃப்பிஜிஏ போர்டில் அதை ஏற்றிப் பார்க்கலாம். வடிவமைப்பு திறந்த மூலம். விழுப்புரத்தில் ஜிஎல்யூஜி எனும் குனு/லினக்ஸ் பயனர் குழுவின் தன்னார்வலர்கள் கிராமத்து மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருள் சொல்லித் தருகிறார்கள். அப்படிப் படித்து வரும் பிள்ளைகள் அடுத்ததாக இந்தப் பக்கம் வர வேண்டும் என்பது என் ஆசை. அதற்குக் கெர்னலின் கோடிக்கணக்கான வரிகளைப் படித்து முடித்திருக்க வேண்டியதில்லை. ஐந்தாறு வரி டிவைஸ் ட்ரீ, ஒரு சின்ன சி நிரல் போதும்.

ஆனால் யுஐஓ எல்லாச் சாதனத்துக்கும் ஏற்றதல்ல. நெட்வொர்க் அட்டை போன்றவை டிஎம்ஏ வழியாகத் தாமாகவே நினைவகத்தில் எழுதக்கூடியவை. நிரல் தவறான முகவரியைக் கொடுத்துவிட்டால், சாதனம் கெர்னலின் நினைவகத்தின் மேலேயே எழுதிவிடும்; யுஐஓ அதைத் தடுக்காது. அங்கே 2012-ல் வந்த விஎஃப்ஐஓவைத்தான் பயன்படுத்த வேண்டும். அது ஐஓஎம்எம்யு என்ற வன்பொருளைக் கொண்டு, அனுமதித்த பகுதிக்கு வெளியே சாதனம் போகாமல் தடுக்கும். உங்கள் போர்டில் ஐஓஎம்எம்யு இல்லையென்றால், டிஎம்ஏ செய்யும் சாதனத்துக்குக் கெர்னல் டிரைவர் எழுதுவதே சரி.