உராய்வு மேல யார் கேஸ் போடுறது? பட்டாசு ஆலைச் செய்திகளை வாசிப்பது எப்படி

இந்த எபிசோடை மகாராஜபுரத்துல இருந்து பேசுறேன். ஒரு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை, இன்னொரு பக்கம் தென்னந்தோப்பு. இங்கே உட்கார்ந்து எதுக்குப் பட்டாசைப் பத்திப் பேசணும்னு தோணலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் வழியா சிவகாசி ஒரு மணி நேரம்தான். விருதுநகர் மாவட்டத்துல 'வெடிச்சிருச்சாம்'னு தகவல் வந்தாலே, யார் வீட்டு ஆள் அங்கே வேலைக்குப் போயிருக்காங்கன்னு போன் பறக்கும்.

மறுநாள் பேப்பரைப் பாருங்க. வாக்கியம் எப்பவும் ஒரே அச்சுல இருக்கும்: "மருந்துக் கலவை தயாரிக்கும்போது உராய்வு ஏற்பட்டு வெடி விபத்து நிகழ்ந்தது. அறைகள் தரைமட்டமாயின." இதுல எழுவாய் எது? உராய்வு. அது தானா 'ஏற்பட்டிருக்கு', விபத்து தானா 'நிகழ்ந்திருக்கு'. அந்த ரூமுக்குள்ள எத்தனை பேர் இருந்தாங்க, எவ்வளவு மருந்து இருந்துச்சு, யார் அனுமதிச்சாங்க, இதெல்லாம் வாக்கியத்துக்கு வெளியே நிக்குது. உராய்வு உண்மைதான், வேதியியல்ல அதுதான் காரணம். ஆனா ஒரு ரூமுக்கு இத்தனை பேர், இவ்வளவு மருந்துதான்னு விதி வைச்சிருக்கிறதே, உராய்வு எப்ப வேணா வரும்னு தெரிஞ்சதாலதான்.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. ஏறக்குறைய 40 பேர் செத்தாங்க. அதுல நிறைய பேர் ஆலைத் தொழிலாளிகளே கிடையாது. முதல் வெடிச் சத்தம் கேட்டு உதவிக்கு ஓடி வந்த அக்கம்பக்கத்து ஆட்கள். விதிமீறலுக்காக அந்த ஆலையோட உரிமம் சற்று முன்னாடிதான் நிறுத்தி வைக்கப்பட்டிருந்துச்சுன்னு அப்பவே செய்தி வந்துச்சு. நிறுத்தின உரிமத்தோட ஆலை எப்படி ஓடுச்சு? என்னைக் கேட்டா அதுதான் தலைப்பாகியிருக்கணும்.

2021 பிப்ரவரி 12, சாத்தூர் பக்கம் அச்சங்குளம். அப்ப 'உள்குத்தகை'ங்கிற வார்த்தை செய்திக்குள்ள வந்துச்சு. லைசென்ஸ் ஒருத்தர் பேர்ல, ரூம்களை வாடகைக்கு எடுத்து வேலை வாங்குறது வேற வேற ஆட்கள். அப்படின்னா செத்தவங்களுக்கு முதலாளி யாரு? இங்கேதான் 'நிவாரணம்', 'இழப்பீடு' ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கணும். நிவாரணம் அரசு இரக்கப்பட்டு அறிவிக்கிறது. இழப்பீடு வேலைக்கு வைச்சவர் சட்டப்படி கொடுக்க வேண்டியது, 1923-லயே அதுக்குச் சட்டம் வந்தாச்சு. செய்தியில முதல்ல இருக்கிறது பெருசா வரும். ரெண்டாவது கிடைச்சுதான்னு யாரும் திரும்பிப் போய்க் கேட்கிறதில்ல.

சரி, பிரச்சாரப் பக்கம் வருவோம். சலம் பென்னூர்கர் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' 1990-ல வந்த ஆவணப்படம். தீப்பெட்டி, பட்டாசு வேலையில இருந்த குழந்தைகளை வெளியுலகம் பார்க்கிறதுக்கு அது முக்கியமான காரணம். 1996 டிசம்பர் 10-ல உச்ச நீதிமன்றம், ஆபத்தான தொழில்ல குழந்தையை வேலைக்கு வைச்சா ஒரு குழந்தைக்கு 20,000 ரூபா கட்டணும்னு தீர்ப்பு சொல்லுச்சு. எம்.சி. மேத்தா போட்ட வழக்கு, சிவகாசியை வைச்சு. பிரச்சாரம் எவ்வளவு தூரம் போகும்ங்கிறதுக்கு இது நல்ல உதாரணம். அதே சமயம், 'குழந்தையா இல்லையா' மட்டுமே கேள்வியாயிட்டா, 35 வயசு அக்கா அதே ரூம்ல உட்கார்ந்தா பரவாயில்லைன்னு ஆயிடுது.

2018 அக்டோபர் 23 தீர்ப்புக்கு அப்புறம் வேற கூத்து. தமிழ்நாட்டுல தீபாவளிக்குக் காலையில ஒரு மணி நேரம், ராத்திரி ஒரு மணி நேரம். டிவி விவாதத்துல ஒரு தரப்பு காற்று மாசுன்னுச்சு, இன்னொரு தரப்பு தொழிலாளி வயிறுன்னுச்சு. ரெண்டு தரப்புக்கும் தொழிலாளி ஒரு வாதம்தான். அவங்களை யாரும் மைக் முன்னாடி உட்கார வைக்கல.

நீங்க ரீல்ஸோ போஸ்டரோ பண்றீங்கன்னா, 'கவனமா வேலை செய்யுங்க'ன்னு தயவுசெஞ்சு எழுதாதீங்க. பீஸ் ரேட்டுக்கு வேலை பார்க்கிறவங்க கிட்ட நிதானமா இருன்னு சொன்னா, கூலியைக் குறைச்சுக்கன்னு அர்த்தம். தப்பும் அவங்க தலையில விழும். கருகின உடம்பு படமும் வேண்டாம், அந்தக் குடும்பம் அதை வாட்ஸ்அப்ல பார்க்கும். அதுக்குப் பதிலா வேலைக்குப் போற ஆளுக்குப் பயன்படுற மாதிரி ஒண்ணு சொல்லுங்க: 'உங்க பேர் ஆலை ரிஜிஸ்டர்ல இருக்கா?' பேர் இல்லாட்டி, நாளைக்கு ஏதாவது ஆனா குடும்பம் முதல்ல அங்கே வேலை பார்த்ததையே நிரூபிச்சாகணும்.

விபத்து நடந்த மூணு மாசம் கழிச்சு என்ன ஆச்சுன்னு செய்தி வராது. அதை நீங்களே எடுக்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ல இருந்து இருக்கு, விண்ணப்பக் கட்டணம் 10 ரூபா. ஆலை பேரு, விபத்து தேதி, உரிமம் இப்ப என்ன நிலையில இருக்கு, இழப்பீடு யாருக்கு எவ்வளவு போச்சு. இதைத் தமிழ்லயே எழுதி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போடுங்க. 30 நாளைக்குள்ள பதில் தரணும்.