முருங்கைக் கொம்பும் பச்சை மூங்கிலும்

சிங்கப்பூர் மார்சிலிங்கின் அடுக்குமாடி வீடு ஒன்றில், விடியற்காலைக் குளியலறை. ஈரத் தரை வழுக்க, பாட்டி கையை ஊன்றியபடி விழுகிறார். மணிக்கட்டு, கவிழ்த்து வைத்த முள்கரண்டிபோல வளைந்து வீங்குகிறது. “சுளுக்காத்தான் இருக்கும், தைலம் தேய்ச்சா சரியாப் போயிடும்” என்கிறார். எந்த புளோக்கிலும் நடக்கக்கூடிய காட்சி இது.

அது சுளுக்கு அல்ல. டப்ளின் நகர அறுவை மருத்துவர் ஆபிரகாம் கோலிஸ் 1814இல் விவரித்த முறிவு. இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது 1895இல்தான். அதற்கு 81 ஆண்டுகளுக்கு முன்பே, எக்ஸ்ரே இல்லாமல், அவர் அதை இனம்கண்டார்.

‘எலும்பு ஒடிஞ்சிருச்சு’ என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். மருத்துவருக்கோ, எப்படி ஒடிந்தது என்பதில்தான் சிகிச்சையே தொடங்குகிறது. நேராக விழும் அடியில் எலும்பு குறுக்காக முறியும். பாதம் தரையில் பதிந்திருக்க உடல் மட்டும் திரும்பினால், முறிவு திருகாணிபோலச் சுற்றி ஓடும். மிகுந்த வேகத்தில் மோதினால் மூன்று துண்டாகவோ அதற்கு மேலாகவோ நொறுங்கும். துண்டுகள் விலகாத முறிவுக்கு மாவுக்கட்டே போதுமானதாக இருக்கலாம். நொறுங்கியதற்குப் பெரும்பாலும் தகடும் திருகும் தேவைப்படும்.

வயதும் கணக்கில் உண்டு. விளையாட்டுத் திடலில் விழும் சிறுவனின் எலும்பு பச்சை மூங்கில் மாதிரி: ஒரு பக்கம் கீறும், மறுபக்கம் வளையும். பிள்ளைகளின் எலும்பைச் சுற்றியுள்ள தடித்த உறை அதை முழுதாகப் பிரியவிடாது. ஆனால் மூட்டருகே உள்ள வளர்ச்சித் தட்டில் அடிபட்டால், அந்தக் கையோ காலோ பின்னர் குட்டையாகிவிடக்கூடும். மூட்டருகே வீங்கினால் உருவிவிடாமல் எக்ஸ்ரே எடுப்பது அதனால்தான் அவசியம்.

விழாமலும் முறியும். பிரஷ்ய ராணுவ மருத்துவர் பிரைட்ஹாப்ட் 1855இல், நெடுந்தூரம் நடந்த வீரர்களின் பாதவலியை விவரித்தார். பாத எலும்பில் விழும் மயிரிழைக் கீறல்தான் அதற்குக் காரணம் என்பது பின்னர் தெரிந்தது. தேசிய சேவைக்காகத் தெக்கோங் தீவுக்குச் செல்லும் இளைஞர்களுக்கும் அந்த வலி வரலாம். முதல் சில வாரங்களில் எக்ஸ்ரேயில் கீறல் தெரியாமலே போகலாம். வலியைப் பொறுத்துக்கொண்டு ஓடினால் அந்தக் கீறல் முழு முறிவாகிவிடக்கூடும்.

உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வழியாக நாள்தோறும் திரளும் மோட்டார் சைக்கிளோட்டிகளுக்கு அஞ்சவேண்டியது திறந்த முறிவு. எலும்பு தோலைக் கிழித்தால் கிருமிக்கு வழி திறந்துவிடும். வெளியே தெரியும் எலும்பை உள்ளே தள்ளக்கூடாது. சுத்தமான துணியால் மூடி, கால் கிடக்கும் நிலையிலேயே அசையாமல் வைத்து, 995ஐ அழைக்கவேண்டும். அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் தண்ணீர்கூடக் கொடுக்காமல் இருப்பது நல்லது.

முதியவர்களின் எலும்போ முருங்கைக் கொம்பு. கால்சியமும் அடர்த்தியும் குறைந்தபின், நின்ற உயரத்திலிருந்து விழுந்தாலே இடுப்பு முறியும். அடிபட்ட கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால், எழுப்பி நடக்கவைக்க முயலக்கூடாது. படுக்கையிலேயே நாட்கள் கழிந்தால் நிமோனியா, ரத்தக்கட்டி, படுக்கைப்புண் என ஒவ்வொன்றாக வரும். ஆகவே உடல்நிலை இடம் தந்தால், 48 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்ய மருத்துவர்கள் முனைகிறார்கள்.

பாட்டியின் மணிக்கட்டுக்குத் திரும்புவோம். ஆறு வாரம் போல மாவுக்கட்டு இருந்தால் அது கூடிவிடக்கூடும். கட்டுக்கு வெளியே விரல்கள் நீலம் பாய்ந்தாலோ மரத்தாலோ உடனே மருத்துவமனைக்கு ஓடவேண்டும். இன்னொன்றும் உண்டு: இந்த வயதில் மணிக்கட்டு முறிந்தவருக்குப் பின்னாளில் இடுப்பு முறியும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். கட்டுப் பிரிக்கும் நாளிலேயே எலும்பு அடர்த்திப் பரிசோதனை பற்றிக் கேட்டுவிடலாம். வீட்டில் செய்யவேண்டிய வேலையும் இருக்கிறது. 2012இல் தொடங்கிய ‘ஈஸ்’ திட்டத்தின் வழியாக, முதியோர் வாழும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளின் குளியலறைகளில் கைப்பிடிகளையும் வழுக்காத தரைப்பூச்சையும் மானிய விலையில் அமைத்துத் தருகிறார்கள். பேரப்பிள்ளைகளில் ஒருவர் இன்றே விண்ணப்பித்தால், அந்தக் கைப்பிடி பாட்டியின் அடுத்த குளியல்களுக்குத் துணையிருக்கும்.