சாம்பிள் கொடுக்கும் முன் பங்கைப் பேசுவோம்

பல வருடங்களுக்கு முன் வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் என்னிடம் கறுவாப்பட்டை சாம்பிள் வாங்கிச் சென்றார். ஓடரும் வரவில்லை, ஆளும் வரவில்லை. என் சாம்பிளைக் காட்டி வேறோர் இடத்தில் விலை பேசி முடித்துவிட்டார் என்று பின்னர்தான் தெரிந்தது. எழுத்தில் எதுவும் வாங்காமல் கொடுத்தது என் பிழை.

இது ஒரு கடைக்காரனின் நஷ்டம். ஒரு நாடே இப்படிக் கொடுத்தால் என்னவாகும்?

சீனி வருத்தத்துக்கு கொத்தல ஹிம்புட்டு மரத்தில் குடைந்த கோப்பையில் இரவு தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிப்பது நம் நாட்டுப் பழைய வைத்தியம். 1997இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் இக்கொடியிலிருந்து 'சலாசினோல்' என்ற இரசாயனத்தைப் பிரித்தெடுத்தனர். மாப்பொருள் சீனியாக மாறுவதை அது மந்தப்படுத்துகிறது. 2002இல் இக்கொடியிலிருந்து பெற்ற இன்னொரு சேர்மத்துக்கு ஜப்பானியக் கம்பனியொன்று அமெரிக்காவில் காப்புரிமையும் பெற்றது. ஆராய்ச்சியை நான் குறை கூறவில்லை. அதனால் பல நோயாளிகள் பயனடையலாம். ஆனால், அறிவைக் காத்த வைத்தியருக்கும் கொடி வளரும் காட்டுக்கும் என்ன பங்கு என்பதே என் கேள்வி.

பங்கு பேசிய நாடும் உண்டு. கொஸ்டாரிக்காவில் 1989இல் தொடங்கிய 'இன்பியோ' நிறுவனம், 1991இல் அமெரிக்காவின் மெர்க் மருந்துக் கம்பனியுடன் ஒப்பந்தம் செய்தது. தாவர, பூச்சி மாதிரிகளுக்காக மெர்க் சுமார் 10 இலட்சம் டொலர் முன்பணம் கொடுத்தது. அதில் 10 வீதம் காடுகளின் பாதுகாப்புக்குப் போனது. மருந்து கண்டுபிடிக்கப்பட்டால் இன்பியோவுக்கு வரும் உரிமைப் பணத்தில் பாதியும் தேசிய பூங்காக்களுக்கு என்று எழுதினார்கள். கிராமத்தவர்களை மாதிரி சேகரிக்கவும் இனங்காணவும் பழக்கினார்கள்.

மருந்து எதுவும் சந்தைக்கு வரவில்லை. ஆனாலும் முன்பணமும் பயிற்சியும் கைக்கு வந்திருந்தன. பின்னாளில் பண நெருக்கடியில் சிக்கிய இன்பியோ, 2015இல் தன் சேகரிப்புகளை அரசிடம் ஒப்படைத்தது. என்றோ வரும் இலாபத்தை மட்டும் நம்பக் கூடாது என்பது அதில் நமக்குள்ள பாடம்.

1993இல் நடைமுறைக்கு வந்த உயிர்ப்பல்வகைமைச் சமவாயம், ஒரு நாட்டின் மரபணு வளம் அந்நாட்டுக்கே உரியது, அனுமதி பெற்று, நிபந்தனை பேசியே எடுக்க வேண்டும் என்கிறது. இலங்கையும் அதில் ஓர் உறுப்பு நாடு. ஆகவே நம்மிடம் மூலிகை கேட்டு வரும் ஆய்வாளரைத் துரத்த வேண்டியதில்லை. "அனுமதிக் கடிதம் எங்கே? நம் பல்கலைக்கழகம் கூட்டாளியா? காட்டுக்கு என்ன பங்கு?" என்று மூன்று கேள்வி கேட்போம்.

கொடி அழிந்தால் ஆய்வும் இல்லை, நமக்கு வியாபாரமும் இல்லை.