ஆடி மாசத்தில் ஃப்ளைட்டா? கச்சேரியையும் கூழையும் விட்டுடாதீங்க!

'ஆடியில் எதையும் தொடங்காதே' என்பது வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் வழக்கம். ஆனால், அமெரிக்காவுக்கு மேற்படிப்புக்காகக் கிளம்பும் பலரின் டிக்கெட்டில் இருப்பது ஆடி மாதத் தேதிதான்.

காரணம் எளிது. அங்கே 'ஃபால்' செமஸ்டர் பெரும்பாலும் ஆகஸ்ட் பிற்பாதியில் தொடங்கும். எஃப்-1 மாணவர் விசா வைத்திருப்பவர், படிப்பு தொடங்கும் தேதிக்கு 30 நாள்களுக்கு முன்பாக அமெரிக்காவுக்குள் நுழைய முடியாது. ஆக, ஜூலை கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரைதான் கிளம்பும் காலம். ஆடி மாதமோ ஏறக்குறைய ஜூலை 17-ல் பிறந்து ஆகஸ்ட் 16 வாக்கில் முடிகிறது.

இதற்கும் நம்ம ஊரில் ஒரு வழி உண்டு. அதன் பெயர் பரஸ்தானம். பயண நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்பே ஒரு நல்ல நாள் பார்த்து, ஒரு பையையோ துணிமணியையோ பக்கத்து வீட்டிலோ உறவினர் வீட்டிலோ வைத்துவிடுவார்கள். பயணம் அன்றைக்கே தொடங்கியதாகக் கணக்கு!

நாள் பிரச்சினை தீர்ந்தது. ஆனால், நேரப் பிரச்சினை? ஃபாரெக்ஸ் கார்டு, தடுப்பூசிச் சான்று, ஸ்வெட்டர், பிரஷர் குக்கர் என்று கடைசி இரண்டு வாரம் ஓட்டத்திலேயே போய்விடுகிறது. வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்ட வேளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். வாசலுக்கு வெளியே ஆடித் திருவிழா நடந்துகொண்டிருப்பதே கண்ணில் படாது.

தெருவோரக் கச்சேரி

ஆடி என்றால் அம்மன் கோயில்களுக்குத் திருவிழாக் காலம். தெரு முழுக்க சீரியல் லைட், கோயில் பக்கத்தில் மேடை, கீபோர்டு, பேட், நான்கைந்து பாடகர்கள் என மெல்லிசைக் கச்சேரி களைகட்டும். எல்.ஆர்.ஈஸ்வரி பாடிய அம்மன் பாடல்களில் தொடங்கி, எம்.எஸ்.வி., இளையராஜா, ரஹ்மான் என்று தலைமுறை தலைமுறையாக இறங்கி, குத்துப்பாட்டில் போய் நிற்கும். தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒரே மேடையில் பாட்டு கிடைக்கும் இடம் இது. டிக்கெட் கிடையாது, பிளாஸ்டிக் நாற்காலி கிடைத்தால் போதும்.

இரவு முழுக்க உட்கார வேண்டியதும் இல்லை. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. பண்பாடு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாள்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு தளர்வு தரலாம். எனவே 7 மணிக்குப் போனால் வேண்டியதைக் கேட்டுவிட்டு வந்து, வீட்டில் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடலாம்.

கூழும் சித்ரான்னமும்

வட தமிழகத்தில் ஆடி என்றால் கூழ். முதல் நாளே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்கவைத்து, மறுநாள் நொய்யோடு சேர்த்துக் காய்ச்சி, உப்பு, மோர், சின்ன வெங்காயம் போட்டுக் கரைப்பார்கள். தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரை, பல வீடுகளில் கருவாட்டுக் குழம்பு.

காவிரிக் கரையிலோ ஆடி 18, அதாவது ஆகஸ்ட் 2 அல்லது 3-ம் தேதி ஆடிப்பெருக்கு. புளிசாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர்சாதம் எல்லாம் கட்டிக்கொண்டு குடும்பத்தோடு ஆற்றங்கரைக்குப் போய்ச் சாப்பிடும் நாள். வெள்ளம் அதிகம் என்று இறங்கத் தடை இருந்தால் கரையோடு நின்றுகொள்வது நல்லது.

எது பெட்டியில் போகும்?

"எல்லாத்தையும் கட்டிக் கொடுத்துடுறேன்" என்பார் அம்மா. ஆனால், எல்லாம் போகாது.

* புளிக்காய்ச்சல், பொடி, ஊறுகாய்: போகும். தண்ணீர் வற்றி எண்ணெய் பிரியும் வரை காய்ச்சுவதாலும், புளிப்பும் உப்பும் தூக்கலாக இருப்பதாலும் புளிக்காய்ச்சல் சீக்கிரம் கெடாது. கைப்பையில் வேண்டாம், நன்றாக மூடி, செக்-இன் பெட்டியில் வையுங்கள்.
* கறிவேப்பிலை: பச்சையாகக் கொண்டுபோக முடியாது. இது எலுமிச்சைக் குடும்பத்துச் செடி. ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களை அழிக்கும் 'கிரீனிங்' நோயைப் பரப்பும் பூச்சி இதிலும் தங்கும் என்பதால் அமெரிக்காவில் தடை.
* சிக்கன், மட்டன் ஊறுகாய்: இறைச்சி சேர்ந்தவற்றைப் பொதுவாக விடமாட்டார்கள்.
* கொப்பரைத் தேங்காய்: எண்ணெய்ச் சத்து அதிகம், எளிதில் தீப்பிடிக்கும். செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது.

அமெரிக்க விமான நிலையத்தில் "உணவு இருக்கிறதா?" என்று கேட்டால் "ஆம்" என்று சொல்லிவிடுங்கள். சொன்ன பொருளுக்குத் தடை இருந்தால் அதை எடுத்துக்கொள்வார்கள். சொல்லாமல் மாட்டினால் அபராதம்.

கூழும் தயிர்சாதமும் சூடான மீன்குழம்பும் எந்த லிஸ்ட்டிலும் இல்லை. அவற்றை இங்கேயே சாப்பிட்டால்தான் உண்டு.

கடைசி இரண்டு வாரம்: என்ன செய்யலாம்?

* வங்கி, தடுப்பூசி, ஷாப்பிங் வேலைகளை ஜூலை முதல் பாதியிலேயே முடித்துவிடுங்கள்.
* தினமும் ஒரு வேளை, முக்கியமாக இரவு, போனை ஓரமாக வைத்துவிட்டு எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.
* ரசமும் ஒரு குழம்பும் நீங்களே வைத்துப் பழகுங்கள். "ஒரு கை உப்பு" என்றால் எவ்வளவு என்பது பக்கத்தில் நின்று பார்த்தால்தான் புரியும்.
* திருவிழா நோட்டீஸைப் பார்த்து, கச்சேரிக்கு ஒரு மாலையை ஒதுக்குங்கள். தாத்தா, பாட்டிக்கு வசதியாக மேடைக்குச் சற்றுத் தள்ளி, ஸ்பீக்கருக்கு நேரே இல்லாத இடமாகப் பாருங்கள்.
* கிளம்புவதற்கு முந்தைய இரண்டு நாள் வீட்டுச் சாப்பாடும் கொதிக்கவைத்த தண்ணீரும் மட்டும். வயிற்றுக் கோளாறோடு 20 மணி நேரப் பயணம் கொடுமை.

போன பிறகு வீடியோ கால் இருக்கிறதே என்று தோன்றலாம். ஆகஸ்ட்டில் இங்கே இரவு 8.30 மணிக்கு வீட்டில் தட்டு போடும்போது, நியூயார்க்கில் காலை 11 மணி. கலிபோர்னியாவில் காலை 8 மணி. ஒருவர் வகுப்பில் இருப்பார், இன்னொருவர் பஸ் பிடிக்க ஓடிக்கொண்டிருப்பார். அதனால், இன்று ராத்திரி "சாப்பிட வா" என்று கூப்பிட்டால், "அஞ்சு நிமிஷம்மா" என்று சொல்லாமல் எழுந்து போய்விடுங்கள்.